கூரையின் மேல் ஒரு கட்டளை

பாஸ்கா காலம் 2-ஆம் ஞாயிறு – இறை இரக்க ஞாயிறு
வாசகங்கள்: திருத்தூதர் பணிகள் 2:42-47, 1 பேதுரு 1:3-9, யோவான் 20:19-31



உயிர்த்த ஆண்டவர் அன்று மாலையே தம் சீடர்களைத் தேடி வந்தார். அவர் வந்து நின்ற இடம், கதவு சாத்தியிருந்த ஒரு வீடு. எட்டு நாள் கழித்து, தோமாவுக்காக, மறுபடியும் சீடர்கள் கூடியிருந்த வீட்டுக்கே வந்தார் என்று இன்றைய நற்செய்தியில் கேட்டோம். முதல் வாசகத்திலும் வீடுதான். முதல் கிறிஸ்தவர்கள் கோவிலில் கூடி வேண்டிய பிறகு, வீடுகளில் அப்பம் பிட்டார்கள். இருந்ததை விற்று, அவரவர் தேவைக்கு ஏற்பப் பகிர்ந்துகொண்டார்கள். திருச்சபை நடக்கப் பழகிய இடம் வீடு. ஆகவே இன்று உங்கள் வீட்டைப் பற்றியே பேசப்போகிறேன். அதிலும் குறிப்பாக, உங்கள் வீட்டுக்குள் குடியேறியிருக்கும் வெப்பத்தைப் பற்றி.

பாஸ்கா காலத்தில் வீடு மந்திரிக்க வருகிறோம். பிற்பகலில் நம் ஊரான செஞ்சியின் தெருக்களில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து தீர்த்தம் தெளித்தால், மேற்குச் சுவரில் பட்ட துளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடுகிறது. சிமெண்ட் ஷீட் போட்ட வீடுகளில் நிமிர்ந்து நிற்கவே முடியவில்லை. தலைக்கு மேல் அனல். அந்த ஷீட்டுக்கு அடியில், கயிற்றுக் கட்டிலில், ஈரத்துணியை மார்பில் போட்டுக்கொண்டு ஒரு பாட்டி படுத்திருக்கிறார். பக்கத்தில் தூளியில் குழந்தை. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது, வருவது சுடுகாற்று. “கரண்ட் பில்லு கட்டி மாளல சாமி, ஆனா தூக்கம் மட்டும் இல்ல” என்று அந்த வீட்டுத் தாய் சொல்கிறார். இன்னும் சில வாரங்களில் கத்திரி தொடங்கிவிடும். இந்த வீட்டுக்கு நற்செய்தி என்ன சொல்கிறது?

இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தில், 8-ஆம் வசனத்தில், ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. ஞாயிறு வாசகங்களில் அது வருவதில்லை; அதனால் பலர் கேட்டிருக்க மாட்டீர்கள். புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். அங்கிருந்து யாராவது விழுந்து செத்தால் அந்த இரத்தப்பழி வீட்டின் மேல் வரும் என்று மோசே எச்சரிக்கிறார். சீனாய் மலையில் பேசிய கடவுள் மாடிச் சுவரைப் பற்றியும் பேசுகிறார்! வழிபாடு, பலி, திருவிழா ஆகியவற்றுக்குச் சட்டம் தந்தவர் கொத்தனாருக்கும் ஒரு சட்டம் தந்திருக்கிறார். காரணம் எளிது. கூரையால் ஒருவர் உயிர் போகக்கூடும் என்று தெரிந்தும் சும்மா இருப்பதைக் கடவுள் ஏற்பதில்லை. கூரைக்கு மேலே நடமாடுகிறவருக்கு இவ்வளவு அக்கறை காட்டும் கடவுள், கூரைக்குக் கீழே படுத்திருப்பவரைப் பற்றி நம்மைக் கேட்க மாட்டாரா?

கூரையால் உயிர் போகுமா என்று நினைக்காதீர்கள். 2010-ஆம் ஆண்டு மே மாதம் குஜராத்தின் அகமதாபாத் நகரத்தில் கடுமையான வெப்ப அலை வீசியது. அந்த ஒரே மாதத்தில் வழக்கமான எண்ணிக்கையைவிட 1,300-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள் என்று ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். வெயிலில் வேலை செய்தவர்கள் மட்டுமல்ல, வெந்துபோன வீட்டுக்குள் கிடந்த முதியவர்களும் நோயாளிகளும் இப்படிப்பட்ட நாட்களில் சாகிறார்கள். வெள்ளம் வந்தால் ஊரே பார்க்கிறது. வெப்பம் கொண்டுபோகும் உயிரை யாரும் பார்ப்பதில்லை. அந்த நகரம் பாடம் கற்றது. 2013-இல் வெப்பத்தைச் சமாளிக்க ஒரு செயல்திட்டம் வகுத்தது. பிறகு ஏழைகளின் குடியிருப்புகளில் கூரைகளுக்கு வெள்ளை பூசும் வேலையையும் அதில் சேர்த்துக்கொண்டது. தெலங்கானா மாநிலம் 2023-இல், வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. இவை பெரிய இயந்திரங்களால் நடந்தவை அல்ல. சுண்ணாம்பும் மட்டையும் செய்த வேலை.

நமக்கு இதை விளக்க வெளியூர் போக வேண்டியதில்லை. நம் கோட்டைக் குன்றுகளான இராசகிரியையும் கிருஷ்ணகிரியையும் சந்திரகிரியையும் பாருங்கள். அந்தப் பாறைகள் பகலெல்லாம் வெயிலை வாங்கிச் சேர்த்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு மெல்ல மெல்ல வெளியே விடுகின்றன. சூரியன் மறைந்தும் மலையடிவாரத்தில் காற்று ஏன் சூடாக இருக்கிறது என்று செஞ்சிக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் மெத்தை வீட்டுத் தளமும் அந்தப் பாறையைப் போலத்தான். பகல் முழுவதும் குடித்த வெயிலை, நீங்கள் பாய் விரிக்கும் நேரத்தில் உங்கள் மேல் இறக்குகிறது. தோமா கண்ணால் கண்டும் கையால் தொட்டும் உறுதி செய்துகொள்ள விரும்பினார். ஆண்டவர் அவரைக் கடிந்து விரட்டாமல், வந்து தொட்டுப்பார் என்று அழைத்தார். நீங்களும் இன்றிரவு பத்து மணிக்கு உங்கள் மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். மாடிப்படி இருந்தால் ஏறி, தளத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். உங்கள் பணத்தில் சுற்றும் மின்விசிறி எதை எதிர்த்துப் போராடுகிறது என்று கை சொல்லிவிடும்.

அன்பானவர்களே, முதலில் செய்ய வேண்டியது வெயிலை வாசலுக்கு வெளியே நிறுத்துவது. அடுத்தது காற்றுக்கு வழி விடுவது. அதற்கும் பிறகுதான் மின்சாரம். நாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். வெயிலை உள்ளே விட்டுவிட்டு, காற்றை அடைத்துவிட்டு, கடன் வாங்கி இயந்திரம் வாங்குகிறோம். நம் செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர்களுக்கு மின்சாரம் இல்லை. அவர்கள் கல்யாண மகாலில் சுற்றிலும் வளைவு வாசல்களைத் திறந்து வைத்தார்கள். நெற்களஞ்சியத்துக்குப் பருத்த சுவர் எழுப்பினார்கள். 1597-இல் இங்கே வந்த இயேசு சபைக் குரு நிக்கோலஸ் பிமென்டா இந்த ஊரின் பெருமையை வியந்து எழுதினார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உலகம் வந்து பார்க்கும் கட்டடக்கலைக்கு அருகே வாழும் நாம், நம் வீட்டுச் சன்னலை அட்டையால் அடைத்து வைத்திருக்கிறோம்.

கூரையிலிருந்து தொடங்குவோம். பொங்கலுக்கும் கிறிஸ்துமசுக்கும் சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம். நாள் முழுவதும் வெயில் நேராக விழும் மாடியை மட்டும் பாசி படிந்து கறுத்துப்போக விட்டுவிடுகிறோம். கறுத்த தளம் தன்மேல் விழும் வெயிலில் பாதிக்கு மேல் உள்ளே இழுத்துக்கொள்ளும்; புதிதாகச் சுண்ணாம்பு பூசிய தளம் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். இதனால் வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை வெப்பம் குறையக்கூடும் என்று இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கட்டடத்தைப் பொறுத்து அது கூடும் குறையும். ஆனால் தூக்கம் வராத வீட்டுக்கு இரண்டு டிகிரியே பெரிய கொடை. செய்முறை உங்கள் பாட்டிக்குத் தெரிந்ததுதான். தளத்தைத் துடைப்பத்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். வெடிப்பு இருந்தால் அடைத்துவிடுங்கள். சுண்ணாம்பை முதல் நாளே நீரில் ஊறவைத்து, வடிகட்டி, ஒட்டிப் பிடிக்கக் கொஞ்சம் பசை சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு கை பூசுங்கள். நீற்றும்போது சுண்ணாம்பு கொதிக்கும். பிள்ளைகள் அருகே வேண்டாம், கண்ணில் தெறிக்க விடாதீர்கள். மழை கரைத்துவிடும் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் கோடைக்கு முன் திரும்பப் பூச வேண்டும். தபசு காலத்தில் உள்ளத்தைச் சுத்தம் செய்கிற நாம், அதே நாட்களில் கூரையையும் சுத்தம் செய்யும் வழக்கத்தை நம் பங்கில் ஏற்படுத்தலாமே!

சிமெண்ட் ஷீட் போட்டவர்கள் கவனமாகக் கேளுங்கள். பழைய ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அதை உலர்ந்த நிலையில் சுரண்டவோ துளைபோடவோ கூடாது; அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. நீரால் மெல்ல நனைத்துக் கழுவி, வெளிப்புறச் சுவருக்கான வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். ஷீட்டின்மேல் ஏறி நிற்காதீர்கள், உடைந்து விழுவீர்கள். ஏணியும் பலகையும் வைத்துச் செய்யுங்கள். மோசேயின் கட்டளை இங்கே எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. கூரையைக் குளிர்விக்கப் போய் ஒருவரும் விழக்கூடாது.

அடுத்தது நிழல். சன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட, சன்னலுக்கு வெளியே நிழல் போடுவது நல்லது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் வந்ததுதான். மேற்குப் பக்கத்தில் மூங்கில் தட்டியோ பச்சை வலையோ கட்டுங்கள். கீற்றுப் பந்தல் போட்டால் அடுப்பிலிருந்து தள்ளிப் போடுங்கள். இடம் இருந்தால் அவரையோ சுரையோ கோவையோ பந்தலில் ஏற்றுங்கள்; நிழலும் கிடைக்கும், குழம்புக்குக் காயும் கிடைக்கும். இன்னும் பத்து ஆண்டுக்கு அந்த வீட்டில் இருக்கப்போகிறீர்கள் என்றால், இந்த மழைக்கே ஒரு வேம்போ புங்கனோ நடுங்கள்.

பிறகு காற்று. பகல் பத்து மணிக்கு மேல் வெயில் படும் சன்னல்களைச் சாத்துங்கள். இருட்டிய பிறகு, வெளிக்காற்று குளிர்ந்ததும், எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவிடுங்கள். சூடான காற்று மேலே ஏறும். அது வெளியேறத்தான் சுவரின் உச்சியில் வெண்டிலேட்டர் வைத்தார்கள்; அதை அடைத்திருக்கும் அட்டையை எடுத்துவிடுங்கள். “சன்னலைத் திறந்தால் கொசு வருது சாமி” என்பீர்கள். உண்மை. நம் வீடுகள் இரவெல்லாம் மூடிக் கிடப்பதற்குக் கொசுதான் முதல் காரணம். ஆகவே சன்னலுக்கு ஒரு கொசுவலை அடித்துவிடுங்கள். நீங்கள் வாங்கக்கூடிய பொருட்களிலேயே மலிவான குளிர்சாதனம் அந்தக் கொசுவலைதான்.

இதெல்லாம் செய்த பிறகு மின்சாரத்துக்கு வருவோம். ஒரு கணக்குச் சொல்கிறேன், தாய்மார்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 வாட் எடுக்கும் பழைய மின்விசிறி நாளுக்குப் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். பி.எல்.டி.சி. வகை மின்விசிறி 30 வாட் அளவில் எடுக்கும். அதே ஓட்டத்துக்கு 22 யூனிட்டுக்கும் குறைவு. 60 வாட் குண்டு பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட். அதன் இடத்தில் 9 வாட் எல்.இ.டி. போட்டால் மூன்று யூனிட்டைத் தொடாது. நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு வரை மின்சாரம் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்கு முந்தைய யூனிட்டுகளுக்கும் கட்டண விகிதம் உயர்ந்துவிடுகிறது. எல்லைக்கோட்டில் நிற்கும் குடும்பத்துக்கு, ஒரு மின்விசிறியை மாற்றுவதால் மிஞ்சும் முப்பது யூனிட்டுக்கு என்ன பொருள் என்று இப்போது புரியும். எல்லா மின்விசிறிகளையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. அதிக நேரம் ஓடுவது எதுவோ, அதை முதலில் மாற்றுங்கள். வாங்கும்போது நட்சத்திர முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. அதன் கீழே இருக்கும் ஆளைத்தான் குளிர்விக்கிறது. ஆள் இல்லாத அறையில் அது சுற்ற வேண்டாம். குளிர்ப்பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பின்புறச் சூடு வெளியேற இடம் விடுங்கள். அதன் கதவில் ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தாள் தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, குளிர் கசிகிறது என்று பொருள். மேல்தொட்டியில் மிதவை பழுதாகி நீர் வழிந்தால், வீணாவது நீர் மட்டுமல்ல, மோட்டார் குடித்த மின்சாரமும்தான். குளிர்சாதனம் வைத்திருப்பவர்கள் 18-இல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்ள வேண்டாம். 24-க்கு மேல் வைத்து, கதவிடுக்கை அடைத்து, மின்விசிறியை மெல்ல ஓட விடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. சமையலறையில் பருப்பையும் சுண்டலையும் ஊறவைத்து, மூடி போட்டு வேகவையுங்கள். எரிவாயுவும் மிஞ்சும், அடுப்படியில் நிற்பவருக்கு அனலும் குறையும்.

“என் காசு, என் கரண்ட், நான் எரிக்கிறேன்” என்று ஒருவர் சொல்லலாம். அவரோடு நான் நெய்வேலி வரை போக விரும்புகிறேன். அதுவும் நம் மறைமாவட்டத்தின் எல்லைக்குள்தான் இருக்கிறது. 1956-இல் அங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. நம் மாநிலத்துக்கு வெளிச்சம் தர, சுற்றியுள்ள ஊர்கள் தங்கள் வீட்டையும் விளைநிலத்தையும் கொடுத்தன. அந்தச் சுரங்கம் விரிய விரிய இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. நாம் வீணாக எரிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் எங்கோ ஒரு மண் தோண்டப்படுகிறது. ஒரு புகைபோக்கி கூடுதலாகப் புகைகிறது. அந்தப் புகை அடுத்த கத்திரியை இன்னும் கொடியதாக்குகிறது. அந்தக் கத்திரி முதலில் தாக்குவது ஷீட் வீட்டுப் பாட்டியை. ஆகவே மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுவது கஞ்சத்தனம் அல்ல, அது பிறரன்பு. ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு வயிறார உணவளித்த பிறகும், மீந்த துண்டுகளைச் சேர்த்து வைக்கச் சொன்னார். அள்ளிக் கொடுக்கத் தெரிந்தவர் எதையும் வீணாக்க விடவில்லை.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற தம் சுற்றுமடலில், தேவையற்ற விளக்கை அணைப்பது போன்ற சின்னச் செயல்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். இப்படிப்பட்ட முயற்சிகளால் உலகம் மாறாது என்று எண்ணிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார். ஒரு திருத்தந்தை உலகத்துக்கு எழுதும் மடலில் விளக்குச் சொடுக்கிக்கு இடம் இருக்கிறது என்றால், ஒரு பங்குத்தந்தையின் மறையுரையில் கொசுவலைக்கும் சுண்ணாம்புக்கும் இடம் உண்டு.

இன்று இறை இரக்க ஞாயிறு. இரக்கத்தைச் சொல்லாக வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். முதல் கிறிஸ்தவர்கள் தேவையில் இருப்பவரை அடையாளம் கண்டு பகிர்ந்தார்கள். நாமும் அதைச் செய்வோம். நம் அடித்தளக் கிறிஸ்தவக் குழுவான ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள், தனியாக இருக்கும் முதியவர், படுத்த படுக்கையாக இருப்பவர், கைக்குழந்தை உள்ள ஏழைத் தாய் ஆகியோரின் வீடுகளைக் கணக்கெடுக்கட்டும். அவர்கள் கிறிஸ்தவர்களா என்று கேட்க வேண்டாம். வெயில் அப்படிக் கேட்பதில்லை. வின்சென்ட் தே பவுல் சபையார் சுண்ணாம்பும் பெயின்டும் வாங்கித் தரட்டும். இளைஞர்கள் சனிக்கிழமை மாலைகளில் ஏணியோடு வரட்டும். மரியாயின் சேனையார் வீடு சந்திக்கும்போது, முதியவருக்குத் தண்ணீர் எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது உடல் கொதித்து, பேச்சுக் குழறி, தடுமாறினால், நிழலில் கிடத்தி, உடலை நனைத்து, காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். அந்தக் கூரை உங்களுடையது. அதன் கீழே தூங்காமல் கிடப்பவர் வேறொருவர். வாடகைக்கு இருப்பவர் உங்கள் மாடிக்குச் செலவு செய்ய முடியாது, அவருக்கு அந்த உரிமையும் இல்லை. இணைச்சட்டத்தின் அந்த வசனம் உங்கள் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறது. கத்திரி பிறப்பதற்குள் வெள்ளை பூசிக் கொடுங்கள்.

வசதி உள்ளவர்களே, உங்கள் வீட்டில் இந்த மாற்றங்களைச் செய்து மிச்சம் பிடிக்கும் முதல் கட்டணத் தொகையை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளாதீர்கள். அது இன்னொரு வீட்டின் கூரைக்குப் போகட்டும். முதல் வாசகம் நம் ஊரில் நிறைவேறும் வழி அது.

திருப்பலி முடிந்ததும் அன்பியப் பொறுப்பாளர்கள் கோவில் வாசலில் நிற்பார்கள். உதவி வேண்டிய வீட்டையும், உதவ வரும் உங்கள் பெயரையும் அவர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மூடிய கதவுகளுக்குள் வந்து அமைதி அளித்த ஆண்டவர் உங்கள் இல்லங்களுக்குள்ளும் வருவாராக. உங்கள் கூரைக்குக் கீழே இருக்கும் ஒவ்வோர் உயிரையும் உங்கள் கைகளைக் கொண்டே அவர் காப்பாராக. ஆமென்.